மூன்றாவது நாற்காலி

பட்டறையில் இப்போது பொறுப்பில் இருக்கிற இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் செல்போன், அதை நிறுத்தி வைக்க மூன்று கால் ஸ்டாண்டு.

"அண்ணே, டவல் ஜாயின்ட் பத்தி அஞ்சு டிப்ஸ் சொல்லுங்க. ஒரு நிமிஷத்துல முடிச்சிரணும். சொல்லும்போது கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க."

இரண்டு மரத்துண்டுகளை ஒன்றைவிட்டு ஒன்று போகாமல் பிடித்துவைக்கும் வேலையை முப்பத்தோரு வருஷம் பார்த்தவன் நான். இடையில் யாரும் என்னைச் சிரிக்கச் சொன்னதில்லை. சொன்னபடி சிரித்துப் பார்த்தேன். இரண்டாவது டிப்ஸுக்குப் போவதற்குள் நாலு நிமிஷம் ஆகிவிட்டது. காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள். பிறகு வந்த வீடியோவில் நான் சில விநாடி வருகிறேன். பின்னால் பாட்டு ஓடுகிறது. "மரம் காஞ்சிருக்கணும்" என்கிறேன். அவ்வளவுதான். ஏன் காய்ந்திருக்க வேண்டும், காயாவிட்டால் யார் யார் கீழே விழுவார்கள் என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போனது. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை இல்லை. செக்கானூரணிக்கு மேற்கே காடுகரை வைத்திருந்த குடும்பம். கிணறு கைவிட்டதும் கோச்சடையில் இருந்த ஒரு நாற்காலிப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் நாள் மேஸ்திரி துளசிராம், "ஏப்பா தவசி, டவல் எடுத்துட்டு வா" என்றார். அவர் சைக்கிளில் தொங்கிய துண்டை எடுத்துப்போய் நீட்டினேன். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப மரஆணி எடுத்துட்டு வா" என்றார். விரல் கனத்தில் உருண்டையாகக் கடைந்த மரக்குச்சிக்குத்தான் டவல் என்று பெயர் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் ஆறு வருஷம் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லலாம்: அவர் கையிலிருந்து திரும்பி வராத ஒரு நாற்காலியைச் செய்ய எனக்கு ஆறு வருஷம் ஆனது.

துளசிராம் சௌராஷ்டிரக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் நெசவு. இவர் மட்டும் எப்படியோ மரத்துக்கு வந்துவிட்டார். தம்பியோடு போனில் அவர்கள் பாஷையில் பேசும்போது வாய் ஓயாது. எங்களிடம் தமிழில் பேசுவதற்கு மட்டும் ரேஷன். நல்லா இருக்கு என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. செய்த நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். சைக்கிள் சாவியை எடுத்து ஒவ்வொரு மூட்டாகத் தட்டுவார். காதைக் கொண்டுபோய்க் கேட்பார், டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி. சத்தம் கெட்டியாக இருந்தால் "ம்". காலியாகக் கேட்டால், "இது நாற்காலியா, தொட்டிலா? பிள்ளை எங்க?" அன்று முழுவதும் பட்டறை நம்மைப் பார்த்து ஆராரோ பாடும்.

அவர் முறையைச் சொல்கிறேன். நாற்காலியில் உயிர்நிலை, பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் இடம். மனிதன் சாயும்போது முழுப் பாரமும் அங்கேதான் இழுக்கும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். சட்டத்தின் கனம் ஏழு நூல் என்றால் ஆணி மூன்று நூல். அதற்கு மேல் போனால் சட்டம் பிளக்கும், கீழே போனால் ஆணி முறியும். ஒரு மூட்டுக்கு இரண்டு ஆணி, ஒன்று போட்டால் சட்டம் திருகிக்கொள்ளும். ஆணியின் நீளம் இரண்டு அங்குலம். ஆளுக்குப் பாதி என்று சட்டத்தில் ஒரு அங்குலம், காலில் ஒரு அங்குலம். ஆனால் துளையை இரண்டு பக்கமும் அரை நூல் கூடுதலாகப் போட வேண்டும். வழியும் பசை போய் நிற்க இடம் வேண்டுமே.

அடையாளம் போடுவதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு மரத்திலும் ஒரு பக்கத்தை முகம் என்று வைத்துப் பென்சிலால் சுழி போடுவார். எந்த அளவும் அந்த முகத்திலிருந்துதான். மறுபக்கத்திலிருந்து அளந்தவனை அவர் பார்க்கிற பார்வைக்கு, அவன் திருடிவிட்டான் என்றே வெளியாள் நினைப்பான். சட்டத்தின் முனையில் இரண்டு சின்ன இரும்பு ஆணி அடித்து, தலையை வெட்டிவிட்டு, காலோடு வைத்து அழுத்துவார். காலில் இரண்டு புள்ளி விழும். அந்தப் புள்ளியில் துளை. ஆழம் தப்பாமலிருக்கத் துளையூசியில் ஒட்டுத்துணி சுற்றியிருக்கும். மரஆணியைக் கட்டைவிரலால் தள்ளினால் பாதி போக வேண்டும், மீதிக்குச் சுத்தியல் கேட்க வேண்டும். முழுதும் விரலுக்கே போனால் தளர்வு. விரலுக்குப் போகவே போகாவிட்டால் பிளவு.

ஆணியின் உடம்பில் நெடுக்கக் கோடு கீறியிருக்க வேண்டும். கோடு இல்லாத வழவழ ஆணி, சைக்கிள் பம்பு மாதிரி துளைக்குள் பசையை முழுக்கக் கீழே தள்ளிவிடும். பக்கச் சுவரில் ஒன்றும் ஒட்டாது. ஆணி காய்ந்தும் இருக்க வேண்டும். இதற்காக ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பைப் போட்டு, அதில் ஆணிகளை வைத்துப் பூட்டியிருப்பார். குறைமாதக் குழந்தைக்குக்கூட அம்புட்டுக் கவனிப்பு நடக்காது.

இப்படி இருந்த பட்டறைக்கு ஒருநாள் மாப்பிள்ளை சார் வந்தார். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். மதுரையில் நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்ததும் அது முடியாமல் போனது. "மாப்ள, அந்தக் கட்டையத் தூக்கிப் போடு" என்று இங்கே ஒருத்தன் கத்துவான், கண்ணாடி அறைக்குள்ளிருந்து இவர் தலையை நீட்டுவார்.

வந்த மூன்றாம் மாதம் துளைபோடும் மெஷின் ஒன்றை இறக்கினார். ஒரே அழுத்தில் இரண்டு துளை, நூல் பிசகாது. நல்ல மெஷின், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதைச் சுற்றி நடந்த மற்றதெல்லாம்தான் கூத்து. பல்பு எரியும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆணிக்கு எதுக்கு லைட்டு? படிக்கப் போகுதா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல்பு அணைந்தது. கோடு கீறும் வேலையும் நேர விரயம் என்று நின்றது. மர அறுவை மில்லிலிருந்து வழவழவென்ற ஆணிகள் சாக்கு சாக்காக வந்து, ஐப்பசி மழையில் ஈரத் தரையில் கிடந்தன.

துளசிராமை டெஸ்பாட்சுக்கு மாற்றினார்கள். வண்டியில் ஏறுகிற சரக்கை எண்ணுகிற வேலை. அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். பதவியின் பெயர் மெஷின் இன்சார்ஜ். நீலச் சட்டை, நெஞ்சில் என் பெயரை நூலால் தைத்திருந்தார்கள். அந்தச் சட்டையை நான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கப் போகும்போதும் போட்டேன்.

அந்த நேரத்தில்தான் பசுமலையில் ஒரு கல்லூரியிலிருந்து புது அரங்கத்துக்கு முன்னூறு நாற்காலி கேட்டு ஆர்டர் வந்தது. அதில் ஒருநாள் காலை வேலையில் நான் தவறு செய்தேன். சட்டங்களின் கனம் ஒன்றுக்கொன்று அரை நூல் முன்னே பின்னே இருந்தது. முகத்தை மெஷினின் தடுப்போடு ஒட்டி வைத்தால் அதனால் ஒன்றும் ஆகாது. நான் ஒரு முனைக்கு முகத்தை வைத்தேன், மறுமுனைக்குச் சட்டத்தைத் திருப்பும்போது முதுகை வைத்தேன். மெஷின் சொன்னதைச் செய்தது. இணைத்துப் பார்த்தால் ஒரு முனை காலோடு சமமாக நின்றது, மறுமுனை அரை நூல் துருத்தியது. நாற்பது சட்டம்.

இதற்கு மருந்து உண்டு. துளையில் பசையோடு ஆணியை அடித்து அடைத்து, மறுநாள் சமமாக அறுத்து, திரும்ப அளந்து துளை போட வேண்டும். ஆனால் நீலச் சட்டைக்காரன் தப்பு செய்தான் என்று ஊருக்குத் தெரிந்துபோகும். நான் உளியை எடுத்து ஆணிகளின் ஒரு பக்கத்தைச் சீவினேன். சீவினால் ஆணி மெலியும், சட்டத்தைத் தள்ளிச் சமமாக வைத்துக்கொள்ளலாம். வெளியே பார்க்க அழகாக இருக்கும்.

பசை வைக்கும் வேலை பஞ்சவர்ணத்துடையது. ஆரப்பாளையத்திலிருந்து நடந்து வருவாள், பட்டறையில் பதினோரு வருஷம். பேச்சு கம்மி. நான் சீவிய ஆணியை எடுத்துத் துளைக்குள் வைத்துப் பார்த்தாள்.

"என்னண்ணே, இது உள்ள லொடலொடங்குது?"

"நீ பசையைத் தாராளமா வையி. அது பிடிச்சுக்கிரும்."

"பசை பிடிக்கும். காத்தை எப்படிண்ணே பிடிக்கும்?"

"இன்சார்ஜ் நீயா நானா?" என்றேன். அவள் பசையை வைத்தாள்.

கார்த்திகையில் நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன. பங்குனி வெயிலில் கல்லூரி ஆண்டுவிழா. நான் அங்கே இல்லை, பிறகு கேட்டதுதான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரைப் பற்றி மேடையில் புகழ்ந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள். புகழைக் கேட்டால் யாரும் சாயத்தானே செய்வார்கள். அவர் சாய்ந்தார். நாற்காலியின் முதுகு அவரோடு போனது, இருக்கை இங்கேயே நின்றது. மாலையோடு மல்லாக்க விழுந்தவரைத் தூக்க ஓடியவர்கள் உட்கார வைத்த அடுத்த நாற்காலியும் காலைப் பரப்பியது. இதுவரைக்கும் சிரிக்கலாம். பின்வரிசையில் பதறி எழுந்து மறுபடி உட்கார்ந்த நூலகர் கோமதி அம்மாளுக்கும் நாற்காலி விட்டுப்போனது. கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

மறுநாளே மாப்பிள்ளை சார் விசாரணை வைத்தார். லேப்டாப்பைத் திறந்து அவரே எழுதிய அறிக்கையை அவரே வாசித்தார். மெஷின் சரியாக வேலை செய்தது. மரம் சரி. ஆணி சரி. பசை வைத்ததில் கவனக்குறைவு. ஹியூமன் எரர்.

"பஞ்சவர்ணம், நாளையிலிருந்து வர வேணாம்."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் மெஷினுக்கு எண்ணெய் போடக் குனிந்தேன். அந்த மெஷினுக்கு அன்று எண்ணெய் தேவையில்லை. அவள் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நல்லவன் மாதிரி இருக்கும். சோறு நன்றாகத்தான் இறங்கியது. ஐந்தாம் நாள் முன்னூறு நாற்காலியும் லாரிகளில் திரும்பி வந்து பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோதுதான் பயம் வந்தது. பசை வைத்தவள் போய்விட்டாள், அடுத்து யாரைத் தேடுவார்கள்? அவர்கள் தேடும் முன்னால் நாமே மாப்பிள்ளையின் ஆணியைக் காட்டிக்கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பஞ்சவர்ணத்துக்கும் நியாயம் செய்த மாதிரி ஆகும். என் சீவலும் வெளியே வராது.

டெஸ்பாட்சில் துளசிராமிடம் போனேன்.

"அண்ணே, முதலாளி முன்னாடி ஒரு நாற்காலியை அறுத்துக் காட்டப் போறேன். வழவழ ஆணியும் ஈர ஆணியும் என்ன பண்ணிச்சுன்னு தெரியட்டும்."

"எத்தனை அறுப்ப?"

"ஒண்ணு போதும்ல."

"ஒண்ணு அறுத்தா உனக்கு வேணுங்கிறதை அறுப்ப. மூணு அறு. ரெண்டை நீ எடு. மூணாவதை நான் எடுத்துத் தாரேன்."

அவர் போய் ஒரு நாற்காலியைக் கவிழ்த்தார். இருக்கைக்கு அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. இன்னொன்றைக் கவிழ்த்தார். அதிலும். என் சீவலுக்குத்தான் அந்தக் குறியோ என்று எனக்குப் பட்டது.

"வண்டியில ஏத்தும்போது தட்டிப் பாத்தேன். சத்தம் சரியில்லாததுக்கு எல்லாம் குறி போட்டேன்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன்ணே அனுப்புனீங்க?"

"என்னை எண்ணத்தான் சொன்னாங்க. தட்டச் சொல்லல."

இதைச் சொல்லும்போது அவர் தலை நிமிர்ந்துதான் இருந்தது. சொல்லி முடித்த பிறகு இறங்கியது. கோமதி அம்மாளின் கையை அவர் அப்போதுதான் நினைத்தார் என்று நினைக்கிறேன். வெகுநேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனஸ்தாபத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டால் அதற்கும் ஒரு எலும்பு முறியும்.

மறுநாள் காலை பட்டறையின் நடுவில் முதலாளியை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பிளாஸ்டிக் நாற்காலி. மாப்பிள்ளை சார் லேப்டாப்போடு நின்றார். நான் முதல் மூட்டை ஆணியின் நெடுக்கே அறுத்துப் பிளந்தேன். துளையின் அடியில் பசை மொத்தமும் வெள்ளைப் பல் மாதிரி உறைந்து கிடந்தது. ஆணியின் பக்கங்கள் சுத்தமாக இருந்தன.

"பசை குறைச்சல் இல்லைங்கய்யா. வச்ச பசையை ஆணியே கீழ தள்ளிருச்சு. கோடு கீறியிருந்தா பக்கத்துல ஏறியிருக்கும்."

இரண்டாவது மூட்டில் அறுக்கவே வேண்டியிருக்கவில்லை. கழன்று நின்ற ஆணியை முதலாளியே இரண்டு விரலால் உருவினார், ஊறுகாய் ஜாடியிலிருந்து மிளகாய் எடுக்கிற மாதிரி. மழையில் ஊதியிருந்த ஆணி வெயிலில் சுருங்கிவிட்டது. முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சார் லேப்டாப்பைப் பார்த்தார்.

அதோடு முடித்திருக்கலாம். துளசிராம் மூன்றாவதை என் முன்னால் வைத்தார். அறுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் அறுத்ததில்லை. உள்ளே ஆணி ஒரு பக்கம் பென்சில் சீவின மாதிரி இருந்தது. மற்ற இடத்தில் கெட்டிப் பசை, அதுவும் வெடித்து.

"இது யாரு சீவுனது?" என்றார் முதலாளி.

"நான்தான்யா. துளையைத் தப்பாப் போட்டுட்டேன். நாப்பது சட்டம். பஞ்சவர்ணம் அப்பவே சொல்லிச்சு, நான்தான் வாயடைச்சேன்."

மாப்பிள்ளை சாரின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் எழுதுனது சரிதான? ஹியூமன் எரர்."

"ஆமா சார்" என்றேன். "மூணுமே மனுசன் பண்ணுனதுதான்."

முதலாளி எழுந்து, மருமகன் கையிலிருந்த லேப்டாப்பை மூடினார். அவ்வளவு சாதுவாக ஒருவர் எதையும் மூடி நான் பார்த்ததில்லை. என் நீலச் சட்டையை அன்றே கழற்றிக் கொடுத்தேன். துளசிராம் மறுபடி மேஸ்திரியானார். அதை அவர் கொண்டாடவில்லை. பெட்டியில் பல்பைப் போட்டுவிட்டு, சாயங்காலம் கோமதி அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

பஞ்சவர்ணத்தைக் கூட்டிவரும் வேலை எனக்கு விழுந்தது. அவள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மொட்டைமாடியில் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்து, "இழுத்துப் பிடிங்க" என்றாள். நாலு போர்வையை விரித்துப் போட்டோம்.

"மன்னிச்சுக்க பஞ்சவர்ணம்."

"அது கெடக்கட்டும்ணே. வாரேன். ஆனா ஒண்ணு. பசை வைக்கிறதுக்கு முன்னாடி நான் பாப்பேன். எனக்குச் சரியாப் படலைன்னா வைக்க மாட்டேன். அது உங்க வேலையா இருந்தாலும் சரி, மேஸ்திரி வேலையா இருந்தாலும் சரி. இதை முதலாளி எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்."

முதலாளி சொன்னார். முன்னூறு நாற்காலியையும் பிரித்தோம். பழைய துளைகளை அடைத்து, அறுத்து, முகத்திலிருந்து அளந்து, திரும்பத் துளைத்தோம். துளை போட்டது அதே மெஷின்தான். காய்ந்த ஆணி, கோடு கீறிய ஆணி. பஞ்சவர்ணம் ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிப் பார்த்தாள். முதல் நாள் நான் கொண்டுபோன இருபதில் பதினொன்றைத் திருப்பி அனுப்பினாள். துளசிராமுடையதில் இரண்டு. அவர் அதை வாங்கிக்கொண்டு வந்து தன் மேசையில் வைத்து, முதல்முறையாகத் தமிழில் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டார்.

ஆடி மாதம் நாற்காலிகளைக் கொண்டுபோய் அரங்கத்தில் வரிசையாகப் போட்டோம். முதலாளி, மாப்பிள்ளை சார், மேஸ்திரி, பஞ்சவர்ணம், நான் என எல்லாரும் போயிருந்தோம். கல்லூரி முதல்வர் ரசீதில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். கூடவே நின்ற கோமதி அம்மாள், "கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். கட்டு அவிழ்த்துவிட்டார்கள், ஆனால் அந்தக் கையை இன்னும் மறுகையால் தாங்கித்தான் வைத்திருந்தார்.

"செஞ்சவங்க முதல்ல உக்காரட்டும். சும்மா உக்காந்தா பத்தாது. சாயணும்."

ஐந்து பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். பஞ்சவர்ணம் தரையிலிருந்து காலைத் தூக்கி, முதுகை முழுக்கக் கொடுத்துச் சாய்ந்தாள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த மாதிரி. துளசிராம் சாய்ந்து கண்ணை மூடினார். காதைத் தீட்டியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தார். மாப்பிள்ளை சார் இருக்கையின் நுனியில், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சாயுங்க சார்" என்றார் கோமதி அம்மாள்.

"இல்ல மேடம், எனக்கு முதுகு வலி."

"அதுக்குத்தான் சாயணும்."

அவர் ஒவ்வொரு அங்குலமாகப் பின்னால் போனார். நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுவது போல் நடித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்திலிருந்து பஞ்சவர்ணம் என் முழங்கையை இடித்தாள்.

"அண்ணே, என் நாற்காலியை விடுங்க. நீங்க சாயுங்க."

குனிந்து பார்த்தேன். என் இடது கை அவள் நாற்காலியின் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.